அந்த அம்மாள் பேசாத பேச்சு

பழைய கிரேக்கர்களின் போர்களைப் பற்றித் தில்லியில் வாய் திறக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், அவர்கள் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. படித்த அந்தப் பத்தாவது ஆள் நான். அந்தக் கர்வத்தில் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படிக்காதவர்கள் மேல் எனக்கு இருந்த இளப்பம் இன்றைக்கும் போகவில்லை, அதை மறைக்கப்போவதும் இல்லை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பல வருடம் குடியிருந்தேன். மாலையில் வீட்டுக்குள் நுழைவதற்குள் அங்கே உள்ள துணிச் சந்தைக்குச் சட்டை வாங்க வந்த கும்பலில் நாலு பேராவது காலை மிதித்துவிடுவார்கள். ஆபீஸ் போகும் பஸ்ஸில் மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், நான் படிப்பேன். நடைபாதைக் கடையில் மேலட்டை கிழிந்து கிடந்த ஒரு தடித்த ஆங்கில மொழிபெயர்ப்பு அகப்பட்டது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் இருபத்தேழு வருடம் அடித்துக்கொண்டு நாசமானதை அந்தக் காலத்திலேயே இருந்த ஒருவர் எழுதியது. அதில் ஆரம்பித்து, கிரேக்கச் சரித்திரக்காரர்கள் எழுதியதில் கையில் சிக்கியதையெல்லாம் படித்து முடித்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

படித்தவனுக்குத் தெரியும், அவை தலைவர்களைப் புகழ்ந்து எழுதிய புத்தகங்கள் அல்ல. ஊரே கூடிக் கைதூக்கி, தூரத்துத் தீவுக்குக் கப்பல் படையை அனுப்புகிறது. வேண்டாம் என்று சொன்ன ஆளையே தளபதியாக்கி அனுப்புகிறது. தப்பித்து வர வேண்டிய நேரத்தில் சந்திர கிரகணம் பிடிக்கிறது. ஜோசியக்காரன் பேச்சைக் கேட்டு அந்தத் தளபதி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார். படை முழுக்க அழிகிறது. தலைமை என்றால் பெரும்பாலும் இந்த லட்சணம்தான் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் எங்கள் டைரக்டருக்கு அவர்கள் வேறு மாதிரி தெரிந்தார்கள். அவர் வடக்கத்தியர். நல்ல உயரம், நல்ல குரல், தலைக்குள் காற்றோட்டமான இடம் நிறைய. ஏதோ ஒரு விமான நிலையத்தில் மெல்லிய புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறார். கிரேக்கப் போர்களிலிருந்து மேலாளர்களுக்குப் பாடம் என்கிற வகை. அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களுக்கு அரை மணி நேரம் தலைமைப் பண்பு. கணவாயில் நின்ற முந்நூறு ஸ்பார்ட்டாக்காரர்களைத் திரையில் போட்டு, கீழே டீம் ஒர்க் என்று எழுதியிருப்பார். அந்த முந்நூறு பேரில் அநேகமாக எல்லோரும் செத்துப்போனார்கள் என்பது மட்டும் திரையில் இருக்காது. பியூன்கூடக் கதவோரம் நின்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அவன் டீ கொண்டுவரப் போவான், நாங்கள் ஸ்பார்ட்டாக்காரர்களாக ஃபைல்களுக்குத் திரும்புவோம்.

நான் அந்தப் புத்தகங்களைப் படிக்கிறவன் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நான் அவருக்குப் புரொஃபசர் சாப். பேச்சுக்கு நடுவில் என்னைப் பார்த்து, "க்யோன் புரொஃபசர் சாப், சஹி ஹை நா?" என்பார். சரிதான் சார் என்பேன். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. மனசுக்குள் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருப்பேன், தலை தன்பாட்டுக்கு ஆடும்.

இங்கே ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் கூட்டத்துக்கான மினிட்ஸ், அதாவது யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்ற குறிப்பு, கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதப்பட்டுவிடும். முடிவு டைரக்டர் மனசில் ஏற்கெனவே இருக்கிறது. கூட்டம் என்பது அந்த முடிவைச் சுற்றி பிஸ்கட் தின்கிற சடங்கு. கூட்டம் முடிந்த பத்தாவது நிமிஷம் கையெழுத்துக்குக் காகிதம் தயாராக இருந்தால் அவருக்குச் சந்தோஷம். அந்த மினிட்ஸை எழுதியவன் நான்.

மற்றவர்கள் எழுதினால் "தலைவர் கூறினார், உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டனர்" என்று சப்பென்று இருக்கும். நான் அப்படி எழுதவில்லை. அந்த இருபத்தேழு வருடப் போரை எழுதிய ஏதென்ஸ்காரர் தன் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறார். பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைப்பது கடினம், அதனால் உண்மையில் பேசப்பட்டதன் பொதுக் கருத்தை விடாமல், அந்தந்தச் சந்தர்ப்பத்துக்கு எது வேண்டுமோ அதை அவரவர் பேசியதாக எழுதினேன் என்கிறார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நானும் அப்படியே செய்தேன். கூட்டத்தில் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு நயமான ஆட்சேபம், மொபைலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவனுக்கு ஒரு தீர்க்கமான ஆதரவு. படிக்க அழகாக இருக்கும். அவரவர் தங்கள் பேச்சைப் படித்துவிட்டுத் தாங்கள் இவ்வளவு புத்திசாலிகளா என்று பூரித்துப்போவார்கள். அற்பர்கள். எழுதிக்கொடுத்த நான் அவர்களைவிட அற்பன், ஆனால் அது அப்போது தெரியவில்லை.

அந்த வருடம் எங்கள் பழைய கட்டடத்தை இடிப்பது என்று முடிவானது. தில்லியின் ஓரத்தில், துவாரகாவில் புது இடம். எங்களிடம் இருந்ததில் விலைமதிப்பற்றது ரிக்கார்டு அறைதான். கீழ்நிலை ஊழியர்கள் ஆயிரக்கணக்கானவர்களின் சர்வீஸ் புத்தகங்கள். ஒருவன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பென்ஷன் வரைக்கும் அவன் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. அந்த அறைக்குப் பொறுப்பு ஒரு தமிழ் அம்மாள். திருநெல்வேலிக்காரர். கணவரின் மாற்றலோடு தில்லி வந்து, இங்கேயே வேலைக்குச் சேர்ந்து முப்பத்தோரு வருடம். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் ஆபீஸர் பதவி உயர்வு வர வேண்டும். பல வருடம் தள்ளிப்போய், கடைசியில் ஃபைல் மேலே கிளம்பியிருந்தது. ஆபீஸராக ஓய்வு பெற வேண்டும் என்பது ஒன்றுதான் அந்த அம்மாள் இந்த ஊரிடம் கேட்டது. பென்ஷனும் கொஞ்சம் கூடும், ஆனால் அவருக்கு அதைவிட அந்தப் பெயர்ப்பலகை முக்கியம்.

துவாரகாவில் ரிக்கார்டுக்கு ஒதுக்கப்பட்டது பேஸ்மென்ட். ஜூலை மாதம், தில்லியில் மழைக்காலம். மேலிடத்துப் பெரியவர் ஒருவர் புது அலுவலகத்தைப் பார்க்க வருகிறார், அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது டைரக்டரின் போர்த்திட்டம். கூட்டம் வைத்தார். முந்தின நாளே நான் மினிட்ஸ் எழுதிவிட்டேன். கூட்டத்தன்று காலை அந்த அம்மாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். புது இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணாச்சி, அந்த பேஸ்மென்ட்டுல சுவரெல்லாம் ஓதம் அடிச்சிக் கெடக்கு. மேல பைப்பு வேற ஒழுகுது. ஒரு மழை அடிச்சிச்சின்னா புஸ்தகம் பூரா போயிரும். டைரக்டர்கிட்ட நீங்க சொல்லுதியளா?"

"மீட்டிங்ல நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா முட்டுக்கட்டை போடறேன்னு ஆயிடும்."

"நான் சொன்னா கேப்பாகளா?"

"கேப்பார், கேப்பார்."

கேட்க மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டத்தில் டைரக்டர் கால் மணி நேரம் கிரேக்கப் படைகளின் வேகத்தைப் பற்றிப் பேசினார். ஆயிரக்கணக்கான கூலிப்படை வீரர்கள் தளபதிகளை இழந்தபின்னும் மலைகளைத் தாண்டி ஊர் திரும்பினார்களாம், நாம் சில அலமாரிகளைத் துவாரகாவுக்குக் கொண்டுபோக முடியாதா என்றார். அந்தப் படையில் இருந்த ஒருவர்தான் அதை எழுதினார், நல்ல பேச்சையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டார் என்று எனக்குள் ஒரு கிண்டல் ஓடியது. அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கோயி பிராப்ளம்?" என்று கேட்டார். அம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "சார்..." என்றார். டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, "ஜல்தி, மேடம், ஜல்தி. பிராப்ளம் நஹி, சொல்யூஷன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாள் பின்னால் சாய்ந்துகொண்டார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தேன்.

நான் எழுதிவைத்திருந்த மினிட்ஸில் அவருக்கு ஒரு பத்தி இருந்தது. "பேஸ்மென்ட்டை நேரில் ஆய்வு செய்ததாகவும், ஆவணங்களுக்கு அது ஏற்றதாக இருப்பதாகவும், குறித்த நாளுக்குள் இடமாற்றத்தை முடிக்கும் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாகவும், எந்தப் பிரிவும் இது பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றும் பொறுப்பாளர் அவைக்கு உறுதியளித்தார்." இப்படி. அதில் எனக்குப் பெருமை. பொறுப்பேற்கிறவர்களை டைரக்டருக்குப் பிடிக்கும், பதவி உயர்வு ஃபைல் அவர் மேஜையைத் தாண்டிப் போகிற நேரம், அம்மாளுக்கு என்னால் ஆன உபகாரம் என்று நினைத்து எழுதியது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பத்தியை எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. எடுக்கவில்லை. காரணம் பயம்கூட இல்லை. நடை நன்றாக வந்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மின்னஞ்சலில் மினிட்ஸ் வந்ததும் அம்மாள் என் அறைக்கு வந்தார்.

"இதென்ன அண்ணாச்சி, நான் இப்படியா பேசுனேன்? நான் வாயே தொறக்கலையே."

"பிரமோஷன் ஃபைல் மேல போற நேரம் மேடம். ஓனர்ஷிப்னா அவருக்கு உசிரு. இருக்கட்டும்."

"ஓதம் அடிக்கிறதப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் இன்ஜினீயரிங்காரன் பாத்துப்பான்."

அம்மாள் இன்னொரு தடவை படித்தார். "நல்லாத்தான் பேசியிருக்கேன். எங்க வீட்டுல காட்டுதேன்" என்று சிரித்துவிட்டுப் போனார். என்னை நம்பினார். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் தமிழ் பேசுகிறவன், விஷயம் தெரிந்தவன், நமக்குக் கெடுதல் செய்வானா என்கிற நம்பிக்கை.

பெரியவர் வந்தார், ரிப்பன் வெட்டினார், பேஸ்மென்ட்டுக்கு இறங்கவே இல்லை. பத்து நாள் கழித்து ஒரே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். பேஸ்மென்ட்டில் கீழ் இரண்டு தட்டுகளும் மூழ்கின. அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றுகொண்டு புத்தகங்களை மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மை கரைந்து ஓடிய பக்கங்களை மொட்டை மாடியில் உலர்த்தினோம். பென்ஷனுக்குக் காத்திருந்த எத்தனையோ பேருடைய சர்வீஸ் கஞ்சியாகிப் போனது. எங்கள் படைத் தலைவர் மறுநாள் மத்தியானம் வந்து படியிலேயே நின்று பார்த்துவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடு திரும்பிப் போனார்.

விசாரணை வந்தது. யாராவது மாட்ட வேண்டுமே. டைரக்டர் என் மினிட்ஸை எடுத்து நீட்டினார். முழுப் பொறுப்பும் தமது என்று பொறுப்பாளரே சொல்லியிருக்கிறாரே. அம்மாளுக்குச் சார்ஜ் ஷீட் போனது. பதவி உயர்வு ஃபைல் போன வழியே திரும்பி வந்தது.

அம்மாள் என் மேஜை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, நான் அத பேசலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். பிரமோஷனே வராட்டியும் போகட்டும். நான் சொல்லாதத சொன்னேன்னு பேர் இருக்கக் கூடாது."

"சொல்றேன் மேடம்" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தின நாள் டைரக்டர் கூப்பிட்டு டீ கொடுத்தார். மிரட்டவில்லை. அவ்வளவு புத்தி அவருக்கு உண்டு என்று நான் எதிர்பார்க்கவில்லை. "புரொஃபசர் சாப், ஆறு வருஷமாக எனக்கு மினிட்ஸ் எழுதுகிறீர்கள். எல்லாமே முந்தின நாளே எழுதியவை. ஒன்று பொய் என்றால் எல்லாம் பொய்யாகிவிடும், இல்லையா? எழுதியவர் பெயர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது" என்று இந்தியில் மிக மரியாதையாகச் சொன்னார். பிறகு என் பெண்ணின் கல்யாண ஏற்பாடு எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார். அவரை முட்டாள் என்று ஆறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்த முட்டாள் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விசாரணை அதிகாரி கேட்டார். இந்த வார்த்தைகளை இவர் சொன்னாரா, இல்லையா? அம்மாள் எதிர் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுக்குச் சொல் அல்ல சார். ஆனால் கூட்டத்தின் பொதுக் கருத்தையும் சந்தர்ப்பத்துக்குத் தேவையானதையும் மினிட்ஸ் பிரதிபலிக்கிறது" என்றேன். அதிகாரி, "சாட்சி உறுதிப்படுத்துகிறார்" என்று எழுதிக்கொண்டார்.

அந்த வாக்கியத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று படித்தவர்களுக்குத் தெரியும். இருபது வருடப் படிப்பில் எனக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அந்த ஏதென்ஸ்காரர் அதை உலகத்துக்கு முன்னால் தன் புத்தகத்தின் வாசலில் வைத்தார், படிக்கிறவன் ஏமாறக் கூடாது என்று. நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதே மனிதர் ஒரு போரில் தளபதி. காப்பாற்ற வேண்டிய நகரத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்து அதைப் பறிகொடுத்தார். ஊர் அவரை இருபது வருடம் விரட்டிவைத்தது. தன் தோல்வியை அவர் சில வரிகளில், யாரோ ஒருத்தனைப் பற்றி எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போகிறார். காற்று சரியில்லை, சொன்னது காதில் விழவில்லை, மேலிடம் அழுத்தியது என்று ஒரு சொல் இல்லை. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை ரசித்திருப்பேன். ரசிப்பதற்கு என்ன, ரசிக்கலாம். பஸ்ஸில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம்.

தண்டனை பெரிதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஓய்வு பெறும் வரை பதவி உயர்வு கிடையாது, அவ்வளவுதான். அம்மாள் அதன்பின் என்னிடம் தமிழ் பேசவில்லை. வேலை விஷயம் எதுவானாலும் இந்தியில், "சர், யே ஃபைல்" என்று வைத்துவிட்டுப் போவார். பெயர்ப்பலகை இல்லாமலே அந்த ஒன்றரை வருடமும் போனது.

மாதத்தின் கடைசி வேலை நாளில் வழியனுப்பு விழா. சமோசா, சால்வை, மாலை, பிளாஸ்டிக் ரோஜாப்பூவோடு ஒரு கடிகாரம். டைரக்டர் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். அம்மாள் பேசுவதற்கென்று இந்தியில் ஒரு பக்கம், என் பரிகாரமாக, நானே எழுதி அவர் மேஜையில் வைத்திருந்தேன். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. "தோ ஷப்த், மேடம்" என்று இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, நாற்பது பேர் இருந்த அந்தக் கூடத்தில் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மீட்டிங்ல நான் ஒண்ணும் பேசலை. பேச விடலை. அதுக்கு முன்னாடி காலையில உங்ககிட்ட சொன்னேன், அங்க தண்ணி வரும்னு. பேசுனது அவ்வளவுதான். இத நானே இந்தியில சொல்லிருவேன். ஆனா நான் சொன்னா இவுக பொம்பளை பொலம்புதான்னு சொல்லுவாக. நீங்க சொல்லுங்க. நான் சொன்னத சொன்னபடி இவுகளுக்குச் சொல்லிருங்க. அது போதும் எனக்கு."

உட்கார்ந்துவிட்டார். கூடத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும். டைரக்டர் முகமெல்லாம் சிரிப்பாக, "க்யா போலா மேடம் நே? புரொஃபசர் சாப், டிரான்ஸ்லேட் கீஜியே" என்றார்.

எழுந்தேன். எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. பெண் கல்யாணம் முடிந்துவிட்டது. யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. அதை அப்போதே நான் அறிந்திருந்தேன், அதனால் காரணம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

"மேடம் உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி சொல்கிறார். இந்த அலுவலகம் தன் சொந்தக் குடும்பம், இங்கே கற்றதை மறக்கவே மாட்டேன் என்கிறார்" என்று நல்ல இந்தியில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் அந்த அலுவலகத்தில் இந்தி பேசிய அம்மாளுக்கு நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போயிருக்காது.